யாரு யாருக்குக் கொடுத்தது?

ஹைதராபாத்தில் நான் குடியிருக்கும் அப்பார்ட்மெண்ட் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருக்கு. கொரோனா காரணமாக நாய், பூனைகளுக்கு அனுமதி இல்லையாம். 2020 ஜூனில் ஒட்டினது. உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசமே அவசரநிலை முடிஞ்சதுன்னு சொல்லிடுச்சு. எங்க அசோசியேஷனுக்கு இன்னும் தகவல் வரலை போல.

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா அது ஒட்டின வாரம்தான் எதிர் ப்ளாட்காரர் ஆறு வருஷம் வளர்த்த லாப்ரடாரை அவுட்டர் ரிங் ரோட்டில் இறக்கிவிட்டுட்டு வந்தார். என்ன குத்தம்? அதோட தடுப்பூசி அட்டையில் 'கொரோனா'ன்னு போட்டிருந்தது. யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட, "பாருங்க, நாய்க்கு இது முன்னாடியே இருக்கு"ன்னு ஒரே கூச்சல். ரெண்டு நாள் கழிச்சு மனசு கேக்காம தேடிப் போனார். கிடைக்கலை.

அது வேற கொரோனாங்க! நாய்க்குட்டிக்கு வயித்தால போக வைக்கிற வைரஸ். 1971லயே கண்டுபிடிச்சாச்சு. கொரோனாங்கறது பெரிய குடும்பம். கோழிக்கு மூச்சுக்குழாயைப் பிடிக்க ஒண்ணு, கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் கொடுக்க ஒண்ணு, பூனை வயித்தில் நீர் கோக்க வைக்க ஒண்ணு. இனிஷியல் ஒண்ணா இருந்தா எல்லாரும் ஒரே ஆளா?

கோவிட்ல நடந்தது தலைகீழ். 2021 மே 4ஆம் தேதி, இதே ஊர் நேரு உயிரியல் பூங்காவில் 8 சிங்கங்களுக்குக் கோவிட்னு சிசிஎம்பி அறிவிச்சது. நல்லவேளை, தேறிடுச்சு. அடுத்த மாசம் நம்ம வண்டலூர். ஜூன் 3ஆம் தேதி நீலாங்கற 9 வயசு பெண் சிங்கம் செத்துப் போச்சு. 16ஆம் தேதி 12 வயசு ஆண் சிங்கம் ஒண்ணு. போபால் ஆய்வகத்தில் பார்த்தா டெல்டா. அப்ப ஊர் பூரா நம்மைப் படுக்க வெச்ச அதே டெல்டா. கூண்டுக்குள்ள இருந்த சிங்கம் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போயா வாங்கிட்டு வந்துச்சு?

"மிங்க் திருப்பிக் கொடுத்துச்சே"ன்னு கேப்பீங்க. உண்மைதான். 2020இல் டென்மார்க் பண்ணைகளில் அப்படி நடந்தது. நவம்பரில் ஒன்றரைக் கோடிக்கு மேல மிங்குகளைக் கொல்லச் சொன்னாங்க. அப்புறம்தான் அப்படி உத்தரவு போட அரசுக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லைன்னு தெரிஞ்சு, விவசாய மந்திரி ராஜினாமா பண்ணார். ஆனா முதல்ல அதுங்களுக்குக் கொடுத்தது யாரு? ரோமத்துக்காக ஆயிரக்கணக்கில் ஒரே கொட்டகையில் அடைச்சு வெச்சது யாரு? நாமதான்.

உங்களுக்கு ஜுரமா? நாயைத் தெருவில் தள்ளாதீங்க, நீங்க தள்ளி இருங்க. வீட்டில் பாட்டி இருந்தா எப்படி இருப்பீங்களோ அப்படி. கஷ்டமான வைத்தியம் ஒண்ணும் இல்லை.

நேத்து ராத்திரி அந்த நோட்டீஸைக் கிழிச்சுட்டேன். வாட்ச்மேன் பார்த்துட்டார். புகார் போனா போகட்டும்.