வெந்நீரும் விவேகமும்

ஒரு பட்டுப் புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிற குடும்பம், குளியலறையில் தலைக்கு மேலே தொங்கப் போகிற கீஸரை அரை மணி நேரத்தில் வாங்கிவிடுகிறது. பழையது ஒழுக ஆரம்பித்த மறுநாளே கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைப் பார்க்கிறார்கள். எது பளபளக்கிறதோ அதை வாங்குகிறார்கள். இதைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியன் எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். குடும்பங்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான். குடும்பத்துக்குள் வந்து உட்காரும் அபாயம் எனக்குப் புறம்பான விஷயமாகாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் படுகிற சிங்காரத்துக்கு நாம் தாராளமாகப் பணம் கொடுக்கிறோம். கண்ணில் படாமல் உயிரைக் காக்கிற சாமான்களில் கஞ்சத்தனம் காட்டுகிறோம். வெந்நீர் விஷயத்தில் இந்தக் குணம் ஆளையே கொன்றுவிடக் கூடியது.

முதலில், பழைய கீஸர் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? உள்ளே இருக்கிற காயில் போனால் வேறு காயில் போடலாம். தெர்மோஸ்டாட் கெட்டால் அதையும் மாற்றலாம். கலமே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால்தான் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அந்தத் துருவைத் தன் மேல் வாங்கிக்கொண்டு, தான் கரைந்து கலத்தைக் காப்பதற்கென்றே பெரும்பாலான கீஸர்களின் உள்ளே மெக்னீசியத் தண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். அப்படி ஒரு தண்டு இருக்கிறது என்று எத்தனை வீடுகளில் தெரியும்? உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் காயிலின் மேல் சுண்ணாம்பு படிந்து, சட்டியில் அடிப்பிடித்த கஞ்சி மாதிரி சூட்டைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுவதை வீண் செலவு என்கிறார்கள். பிறகு புதுக் கீஸருக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறார்கள்.

சரி, பழையது செத்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பெரியது வேண்டும்? "பெரிசாகவே இருக்கட்டும் சார், விருந்தாளி வந்தால் உதவும்" என்பது கடைகளில் நான் கேட்ட வேதவாக்கு. கணக்கைப் பாருங்கள். சென்னையில் மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் 25 டிகிரி இருக்கிறது என்று கொள்வோம். 18 லிட்டர் வாளி ஒன்றை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 60 டிகிரியில் உள்ள வெந்நீர் எட்டு லிட்டர் போதும். ஆகவே 15 லிட்டர் கீஸர் ஏறக்குறைய இரண்டு பேருக்குக் குளிக்க நீர் தருகிறது. இரண்டு கிலோவாட் காயில் அதை மறுபடி சூடாக்க இருபது நிமிஷம் பிடிக்காது. அதற்குச் செலவாகும் மின்சாரம் சுமார் 0.6 யூனிட். 25 லிட்டர் கலமானால் ஒரு யூனிட். தினமும் வாளி வைத்துக் குளிக்கிற இரண்டு பேர், ஆண்டுக்கு ஒரு முறை வரும் விருந்தாளிக்காக ஆண்டு முழுவதும் வெந்நீர் காய்ச்சி ஆற விடுவது என்ன சிக்கனம்? ஊட்டியில் இருப்பவரும், ஷவரின் அடியில் பத்து நிமிஷம் நிற்கிறவரும் வேறு கணக்குப் போடட்டும். கணக்கே போடாதவர்களோடுதான் என் சண்டை.

அடுத்தது நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் ஒட்டியிருந்தால் மின்சாரம் மிச்சம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கலத்தில் தேங்கி நிற்கும் சூடு எவ்வளவு வெளியே கசிகிறது என்பதையே அந்த நட்சத்திரம் அளக்கிறது. நாள் முழுவதும் ஸ்விட்சைப் போட்டு வைக்கிற வீட்டுக்கு அது பெரிய லாபம். குளிப்பதற்கு இருபது நிமிஷம் முன்பு போட்டு, குளித்ததும் அணைத்துவிடுகிற வீட்டில் ஐந்துக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் சொற்பமே. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

நான் போன கடையில் ஒரு இளைஞர் மிகுந்த மரியாதையோடு எனக்கு ஏழெட்டு கீஸர்கள் காட்டினார். ஒன்றில் எண்கள் ஒளிர்ந்தன. ஒன்றை ரிமோட்டால் இயக்கலாம். ஒன்று செல்போனுக்குக் கட்டுப்படுமாம். "இது எத்தனை பார் அழுத்தம் தாங்கும்?" என்று கேட்டேன். அவர் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். மாடி மேல் மாடியாகக் கட்டி, பம்பு வைத்துத் தண்ணீர் தள்ளுகிற கட்டடங்களில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்க வருகிறவர்கள் கேட்டிருந்தால் அவரும் தெரிந்துவைத்திருப்பார்.

"அந்தக் காலத்துச் செம்புப் பாய்லருக்கு இதெல்லாம் இருந்ததா?" என்று ஒரு பெரியவர் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லைதான். மேலே திறந்த வாயில் பச்சைத் தண்ணீர் ஊற்ற, குழாயில் வெந்நீர் வரும். திறந்த பாத்திரம் ஆகையால் அது வெடிக்காது. ஆனால் விடியுமுன் எழுந்து, கரியும் தேங்காய் மட்டையும் போட்டு ஊதி, கண் எரிந்தவர்கள் அந்தப் பெரியவரா, அவர் வீட்டுப் பெண்களா? அந்தப் புகையைத் திரும்ப அழைக்க நான் தயாராக இல்லை. கீஸர் மூடிய பாத்திரம் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு வழி விடத்தான் சேஃப்டி வால்வு. அது இரண்டு சொட்டு சொட்டினால் உடனே பிளம்பரைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லுகிற புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு விடுகிறவன் மூக்கை அடைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எர்த் கம்பியின் கதையும் இதுதான். ஈரக் காலோடு நிற்கிற மனிதனுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு கம்பி. அதற்குத் துணையாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தொடர்பை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் இருக்கிறது. அது அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எடுத்துவிடுகிற கனவான்கள் இருக்கிறார்கள். அது விழுவது, எங்கோ கசிகிறது என்று கத்துவதற்காக. நாய் குரைத்தால் திருடனைத் தேடுவார்களா, நாயை விரட்டுவார்களா? வாடகை வீடென்றால் இன்னும் மோசம். எர்த் போட வீட்டுக்காரர் மறுப்பார். கேட்கக் குடியிருப்பவர் கூசுவார். இருவருடைய சங்கோசத்துக்கும் நடுவில் குழந்தை குளிக்கும்.

மின்சாரமே வேண்டாம், எரிவாயுக் கீஸர் மலிவு என்கிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்கிறேன். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர் எரிவாயுவால் நீர் காய்ச்சும் யந்திரம் ஒன்று செய்தார். ஐஸ்லாந்தில் பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். கீஸர் என்ற சொல் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. அந்த யந்திரத்தில் புகை வெளியேறக் குழாய் கிடையாது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும், ஜன்னலைச் சாத்திய குளியலறைக்குள்ளேயே எரிவாயுக் கீஸரை மாட்டி அதே குற்றத்தை நாம் செய்கிறோம். காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். குளிக்கப் போனவர் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார். எரிவாயுதான் வேண்டுமென்றால், யந்திரம் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். புகை வானத்துக்குப் போகட்டும்.

சொந்த மொட்டை மாடி உள்ளவர் சூரியனிடமே வெந்நீர் கேட்கலாம். இரண்டு சதுர மீட்டர் தகடு, வெயில் உள்ள நாளில் நூறு லிட்டர் அளவுக்குக் காய்ச்சித் தரும். அடுக்குமாடியில் மாடி எல்லோருக்கும் பொது. பொதுவான எதிலும் நமக்கு ஒற்றுமை வருவது எவ்வளவு கஷ்டம் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே!" என்பது கடைசி வாதம். ஆனவர்கள் வந்து பதில் சொல்ல முடியாது என்பதுதான் அந்த வாதத்தின் பலம். 60 டிகிரி வெந்நீர் ஐந்தாறு விநாடியில் தோலைப் புண்ணாக்கிவிடும். பாட்டியின் மெலிந்த தோல் அதுவரைகூடத் தாங்காது. தெர்மோஸ்டாட்டைத் திருகிக் குறைக்கக் காசு வேண்டாம்.

ஆகையால் உங்கள் வீட்டுக் கீஸர் ஒழுகினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற கனமான கம்பியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடுங்கள். அதற்கெல்லாம் போக மிஞ்சிய பணத்தோடு கடைக்குப் போய், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உங்கள் கட்டடத்துக்கு ஏற்ற அழுத்தமும் உள்ள, உங்கள் வாளிக் கணக்குக்குப் போதுமான, எந்த அலங்காரமும் இல்லாத கீஸர் ஒன்றைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.