115 பிட் எதற்கு? 12 போதும்!

இப்போதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் செட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது எண்ணிக்கையைத்தான். 24 இன் 1, 32 இன் 1, 64 இன் 1, 115 இன் 1 என்று அட்டைப் பெட்டியின் மேல் எழுத்து பெரிதாகிக் கொண்டே போகிறது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கும்போது பிஎம்பிஓ வாட்ஸ் என்று ஒரு கணக்கு சொல்வார்களே, நினைவிருக்கிறதா? கையளவு ஸ்பீக்கருக்கு 1000 வாட்ஸ் என்பார்கள். காதில் விழுந்தது என்னவோ நாலைந்து வாட்ஸ்தான். பிட் எண்ணிக்கையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது என் கருத்து.

கைப்பிடி ஒன்று, அதன் முனையில் மாற்றி மாற்றிப் பொருத்திக் கொள்ள பல தலைகள். இந்த அமைப்பு அருமையான ஒன்று என்பதில் சந்தேகமில்லை. தேய்வது தலைதான், கைப்பிடி தேய்வதில்லை. எனவே தேய்ந்த தலையை மட்டும் மாற்றிக் கொண்டு கைப்பிடியை பல வருடங்கள் வைத்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் விற்கும் செட்களில் பெரும்பாலானவை இந்த லாபத்தை நமக்குத் தருவதில்லை. பிஎச்0 பிட் தேய்ந்து விட்டதா? தனியாகக் கிடைக்காது, புது செட் வாங்குங்கள் என்கிறார்கள். மீதி 114 பிட்டும் புத்தம் புதிதாக பரண் மேல் போகின்றன.

வீட்டிலுள்ள மிக்ஸியைப் பாருங்கள். ஒரு மோட்டார், மூன்று ஜார். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கம்பெனி ஜார் அடுத்த கம்பெனி மிக்ஸியில் உட்காராது. அடியிலுள்ள கப்ளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. தலை மாற்றும் எந்தக் கருவியிலும் முக்கியமான இடம் இந்த இணைப்புதான். மற்றதெல்லாம் பிறகு.

நல்ல வேளையாக ஸ்க்ரூ டிரைவர் உலகத்தில் இந்த இணைப்பை என்றோ தீர்மானித்து விட்டார்கள். பெரிய பிட்களின் அடிப்பகுதி கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. அறுகோணம். லேப்டாப், மொபைல் வேலைக்கான சிறிய பிட்களுக்கு 4 மி.மீ. அறுகோணம். இந்த இரண்டில் ஒன்றைப் பின்பற்றும் கைப்பிடியை வாங்கினால் எந்த ஊரில் எந்தக் கம்பெனி பிட் கிடைத்தாலும் போட்டுக் கொள்ளலாம். அப்படியில்லாமல் தன் பிட்டுக்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். இதில் ஒரு விதிவிலக்கு நியாயமானது. அமெரிக்காவின் லெதர்மேன் கம்பெனி தன் மடக்கு கருவிகள் பலவற்றில் தட்டையான பிட்களைப் பயன்படுத்துகிறது. கால் இஞ்ச் அறுகோணத்தை கைப்பிடிக்குள் மடக்கி வைக்க இடமில்லை என்பதால்தான் அந்தத் தட்டை வடிவம். அவர்களும் சாதாரண கால் இஞ்ச் பிட்களைப் போட்டுக் கொள்ள தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் விற்கிறார்கள். காரணம் இருக்கிறது, மாற்று வழியும் இருக்கிறது. அது போதும்.

சுவிட்சர்லாந்தின் விக்டரினாக்ஸ் இதை வேறு விதமாக யோசித்தது. சைபர்டூல் என்ற பெயரில் கம்ப்யூட்டர்காரர்களுக்கென்றே ஒரு பேனாக்கத்தி. சின்னச் சின்ன இரு முனை பிட்களை ஒரு குட்டிப் பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டியையே கத்தியின் உடலுக்குள் செருகி விட்டார்கள். பழைய மானிட்டர் கேபிளின் இரு பக்கமும் இருக்குமே, அந்த அறுகோணத் திருகுகளுக்கு 5 மி.மீ. சாக்கெட்டும் உண்டு. சுவிஸ் கத்திக்கு இது புதிய பழக்கமில்லை. மாடல் 1890 என்ற அவர்களுடைய முதல் ராணுவக் கத்தியில் ஸ்க்ரூ டிரைவர் வைத்ததே, சிப்பாய் தன் துப்பாக்கியைத் தானே பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். கையில் கொடுத்த இயந்திரத்தைத் திறக்கும் கருவியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்! இன்று லேப்டாப் விற்கும் எந்தக் கம்பெனிக்கு அந்தப் பெருந்தன்மை இருக்கிறது?

அடுத்தது கைப்பிடி. இங்கேதான் ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்ற யோசனை தடுக்கி விழுகிறது. திருகும் விசை என்பது கை தரும் அழுத்தத்தையும் கைப்பிடியின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. 30 மி.மீ. பருமனான கைப்பிடி, 10 மி.மீ. பருமனான கைப்பிடியை விட அதே பிடிக்கு மூன்று மடங்கு திருகும். கேபினட் ஸ்க்ரூவுக்கு இந்த பலம் தேவை. எம்.2 எஸ்எஸ்டியைப் பிடித்திருக்கும் அந்த 2 மி.மீ. ஒற்றை ஸ்க்ரூவுக்கு இதே பலத்தைக் கொடுத்தால் மரை போய் விடும். மெல்லிய கைப்பிடி பலவீனமானது அல்ல, அது ஒரு பாதுகாப்பு. அதன் தலையில் சுழலும் மூடி இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலால் மூடியை அழுத்திக் கொண்டு கட்டை விரலாலும் நடு விரலாலும் உருட்ட வேண்டும். அழுத்தம் ஒரு வேலை, திருகுவது இன்னொரு வேலை. வாட்ச் ரிப்பேர் செய்பவரின் கையைக் கவனித்தால் புரியும்.

எனவே ஒரே கைப்பிடியில் இரண்டையும் செய்ய முயலும் செட்களை விட்டு விடுங்கள். தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என இரண்டு வாங்குங்கள். ராட்செட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராட்செட்டை பின்னோக்கித் திருப்பும்போது உள்ளே சிறிது உராய்வு இருக்கும். தளர்ந்த சின்ன ஸ்க்ரூவின் பிடிமானம் அந்த உராய்வை விடக் குறைவாக இருந்தால், ராட்செட் ‘டிக் டிக்’ என்று ஓடாமல் ஸ்க்ரூவே திரும்பி வந்து விடும். தடித்த கைப்பிடிக்கு மட்டும் ராட்செட் போதும். கனடாவின் லினஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல்காரர்கள் 2022இல் மெகாப்ரோ என்ற கம்பெனியுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு ராட்செட் ஸ்க்ரூ டிரைவர் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 70 டாலர்! கைப்பிடிக்குள் 12 பிட்தான். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தே பெயர் வாங்கியவர்கள், 115க்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நுனி ஆடுவது பற்றியும் சொல்ல வேண்டும். தலை மாற்றும் கருவியில் பிட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி தவிர்க்க முடியாதது. அந்த இடைவெளி அதிகமானால் பிட் சாய்ந்து நிற்கும். கூட்டல் குறி வடிவ பிலிப்ஸ் ஸ்க்ரூவின் பள்ளம் சரிவான சுவர்களைக் கொண்டது. பிட் சற்றே சாய்ந்தாலும், அழுத்தம் குறைந்தாலும் அது மேலே ஏறி வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் பள்ளம் கிண்ணமாகி விடும்.

எங்கள் பகுதியில் ஒரு டீச்சர். அவருடைய பழைய லேப்டாப் ஒரு நாள் ஆன் ஆகவில்லை. மதர்போர்டு போய் விட்டது. பெண்ணின் சின்ன வயது போட்டோக்கள் முழுவதும் அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க்கை எடுத்து யுஎஸ்பி பெட்டியில் போட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை. வீட்டிலிருந்த மலிவு செட்டால் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது ஸ்க்ரூ வந்து விட்டது. பத்தாவது ஸ்க்ரூவில் பிட்டின் நுனியே மழுங்கி, பள்ளமும் வட்டமாகி விட்டது. எடுத்துப் போன கடையில், “மூடியை உடைக்க வேண்டியதுதான் மேடம், டிஸ்க்குக்கு கேரண்டி சொல்ல முடியாது” என்றார்களாம். பயந்து போய் அப்படியே பீரோவில் வைத்து விட்டார். ஒன்றரை வருடம் அது பீரோவிலேயே கிடந்தது. பிறகு என்னிடம் வந்தபோது, சின்ன டிரில் பிட்டால் ஸ்க்ரூவின் தலையை மட்டும் மெதுவாகச் சீவி எடுத்தோம். போட்டோக்கள் அத்தனையும் கிடைத்தன. ஒன்றரை வருடத் தவிப்புக்குக் காரணம், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத மட்டமான இரும்பு நுனி.

ஆகவே பிட் எந்த உலோகம் என்று பாருங்கள். குரோம் வனேடியம் என்றிருந்தால் பெரிய பிட்களுக்குப் பரவாயில்லை. சின்ன நுனிகளுக்கு எஸ்2 ஸ்டீல் நல்லது. அதிர்ச்சி தாங்குவதற்கென்றே உள்ள டூல் ஸ்டீல் வகை அது. எதுவுமே எழுதாமல் பளபளவென்று மட்டும் இருந்தால் அது பொம்மை. காந்த நுனியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாப்பி காலத்தில் அந்தப் பயம் சரி. ஆனால் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளேயே இதை விடப் பல மடங்கு பலமான நியோடிமியம் காந்தம் உட்கார்ந்திருக்கிறது. எஸ்எஸ்டிக்கு காந்தத்தோடு சம்பந்தமே இல்லை. மதர்போர்டு மேல் ஸ்க்ரூ விழுந்து ஷார்ட் ஆவதை விட காந்தம் எவ்வளவோ மேல்.

சரி, எந்த 12? பிலிப்ஸில் பிஎச்2, பிஎச்1, பிஎச்0, பிஎச்00. கேபினட் முழுவதும் பிஎச்2 போதும். (அதே கேபினட்டில் 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கான 6-32 ஸ்க்ரூவும், 2.5 இஞ்ச் டிஸ்க்குக்கான எம்3 ஸ்க்ரூவும் ஒரே பிட்டுக்கு மசிந்து கொடுக்கும். மாற்றிப் போட்டு முறுக்கி விடாதீர்கள்.) நட்சத்திர வடிவ டார்க்ஸில் டி5, டி6, நடுவில் ஓட்டையுள்ள டி8. டி8 இருக்கிறதே என்று ஹார்ட் டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஒரு தூசி போதும், கதை முடிந்தது. ஐந்து இதழ் பென்டலோபில் ஐபோனுக்கு 0.8 மி.மீ., மேக்புக்குக்கு 1.2 மி.மீ. நின்டெண்டோவுக்கு மூன்று இறக்கை வடிவம் ஒன்று. மதர்போர்டின் கீழுள்ள பித்தளைத் தூண்களுக்கு 5 மி.மீ. சாக்கெட். கடைசியாக ஒரு தட்டை 3 மி.மீ. ஆயிற்று, பன்னிரண்டு.

பென்டலோபின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. 2009இல் மேக்புக் ப்ரோவின் பேட்டரியில் ஆப்பிள் இதைக் கொண்டு வந்தது. அடுத்து மேக்புக் ஏர், ஐபோன் 4 என்று பரவியது. அப்போது கடைகளில் இதற்கு பிட் கிடையாது. வாங்கியவர் திறக்கக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2011இல் ஐபிக்ஸிட் நிறுவனம் பென்டலோப் டிரைவரையும் மாற்றிப் போட சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூக்களையும் சேர்த்து ‘ஐபோன் விடுதலை கிட்’ என்று விற்றது. இன்று சாதாரண செட்டிலும் அந்த பிட் வருகிறது. பொது அளவில் ஒரு கைப்பிடி உங்களிடம் இருந்தால், கம்பெனிகள் எத்தனை புதுப் பூட்டு கண்டுபிடித்தாலும் நமக்கு ஆகும் செலவு ஒரு சின்ன பிட். தலை மாற்றும் கருவியை நான் இவ்வளவு ஆதரிப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

கம்பெனிகளும் சும்மா இல்லை. ஸ்க்ரூவுக்குப் பதில் இப்போது பசை. பசைக்கு பிட் கிடையாது. ஐரோப்பிய யூனியன் 2023இல் போட்ட பேட்டரி சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை, சில விதிவிலக்குகள் தவிர, கடையில் கிடைக்கும் கருவிகளாலேயே வாங்கியவர் கழற்ற முடிய வேண்டும் என்கிறது. தனிக் கருவி தேவைப்பட்டால் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு போர்ட்டல் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் போர்ட்டல் வேறு, சட்டம் வேறு. ஐரோப்பா போல நமக்கும் எழுத்தில் வேண்டும்.

கருவி தயாரிப்பவர்களுக்கு என் கோரிக்கைகள் சிறியவை. பிட்டின் பக்கத்தில் அளவை கண்ணாடி போடாமல் படிக்கும்படி பொறியுங்கள். ஒற்றை பிட்டாக விற்பனைக்குக் கொடுங்கள். பெட்டியில் நாலைந்து காலி இடம் விட்டு வையுங்கள், நாங்கள் வாங்கிச் சேர்த்துக் கொள்கிறோம். யுபிஎஸ், பிரிண்டர் போன்றவற்றில் ஸ்க்ரூ ஆழமான குழிக்குள் இருக்கும். உங்கள் தடித்த சாக்கெட் அங்கே நுழைவதே இல்லை. 50 மி.மீ. நீள பிஎச்2 பிட் ஒன்றை ஒவ்வொரு செட்டிலும் வையுங்கள், அதற்காக நீங்கள் போடும் வினோத வடிவங்களில் இருபதைக் குறைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

வாங்கப் போகும்போது, சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் எலெக்ட்ரிகல் கடையானாலும், பெட்டியைத் திறந்து பிஎச்0 பிட்டை கைப்பிடியில் மாட்டி நுனியை விரலால் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் திருப்பிக் கொடுத்து விடலாம். ஆடவில்லை என்றால், இந்த பிட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்று சொல்லும் கடையில் பிஎச்0ஐயும் பிஎச்00ஐயும் இரண்டு இரண்டாக வாங்கி வையுங்கள். முதலில் தேய்வது அவைதான்.