ஒற்றைப் புள்ளியின் வலிமை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. உலையிலிட்ட அரிசி முழுதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேவதால் அம்மொழி பொய்ப்பதில்லை. ஆயின், பல ஆண்டுகளில், பல நிலைமைகளில் எடுத்த அளவுகளை ஒன்றாகத் திரட்டி, அவற்றின் இயல்பை ஒரு நேர்கோட்டால் உரைக்க முற்படுங்கால், அவற்றுள் ஒன்றே அனைத்திற்கும் பதம் கூறிவிடலாமோ? தமிழ் பயிலும் மாணாக்கனுக்குப் புள்ளியியலில் என்ன வேலை என நகைக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

யான் பிறந்த கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழ்கின்றது. 1895ஆம் ஆண்டு முதல் மேற்கு மலையைக் குடைந்து வரும் அந்நீர் எவ்வளவு கிட்டும் என்பதைப் பொறுத்தே எங்கள் உழவர் நாற்றுப் பாவுவர். அணைப்பகுதியில் ஆண்டுதோறும் பெய்த மழையைக் கிடையச்சிலும், அவ்வாண்டில் நீர் எட்டிய உச்ச உயரத்தை நிலையச்சிலும் குறித்து, ஒருவன் உடன்தொடர்புப் போக்குக் கோடு வரைகின்றான் என்று கொள்வோம். அக்கோட்டை நம்பலாமா?

கோட்டிற்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை எச்சம் என்பர். எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி கோடு அமைக்கப்படுகின்றது. ஏற்றத் துலாவின் நடுவில் நிற்பவனைவிட நுனியில் நிற்பவனே அதனை எளிதில் சாய்ப்பான். அவ்வாறே, கிடையச்சில் ஏனையவற்றினின்று வெகு தொலைவில் நிற்கும் புள்ளி, கோட்டைத் தன்பால் இழுக்கும் நெம்புவலிமை உடையது. இழுத்துக்கொண்ட பின் அதன் எச்சம் சிறிதாகிவிடும். தவறிழைத்தவனே மிக்க அடக்கமுடையவன்போல் நிற்பது இங்குள்ள விந்தை.

1973ஆம் ஆண்டில் ஆன்ஸ்கோம்பு என்னும் அறிஞர் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிற்கும் சராசரிகள் ஒன்றே, கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தாலோ நான்கும் நான்கு வேறு உருவங்கள். நான்காவதில் பத்துப் புள்ளிகள் கிடையச்சில் 8 என்னுமிடத்தில் நெட்டுக்குத்தாக நிற்க, ஒன்று மட்டும் 19இல் தனித்து நிற்கின்றது. அதனை அகற்றினால் கோடே இல்லை. எனினும் அதன் எச்சம் சுழியமே. ஆதலின் எச்சங்களை மட்டும் நோக்குதல் போதாது. நெம்புவலிமையைக் கிடையிலும் எச்சத்தை நிலையிலும் குறித்து ஆய்வுப்படம் வரைதல் வேண்டும். ஒரு புள்ளியை நீக்கின் கோடு எவ்வளவு பெயரும் என்பதைக் குக் என்பவர் 1977இல் வகுத்த அளவை காட்டும்.

இனி எம் பள்ளத்தாக்கிற்கு மீள்வோம். 2018ஆம் ஆண்டு பெருமழை பெய்தது. அவ்வாண்டின் புள்ளி படத்தின் வலக்கோடியில் நிற்கும்; ஆயின் அதன் உயரமோ 142 அடியே. இதனால் கோடு தாழ்ந்து, மழை மிகுந்தாலும் நீர் அத்துணை மிகாது என்று நம்மிடம் பொய்யுரைக்கும். உண்மை யாதெனின், அணையின் நீர்மட்டம் 1979ஆம் ஆண்டிற்குப் பின் 136 அடியென வரையறுக்கப்பட்டது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. 2018 ஆகஸ்டில் நீர் அவ்வெல்லையைத் தொட்டது; மிகுநீர் மதகுகள் வழியே மறுபுறம் திறந்துவிடப்பட்டது. எனவே இப்படத்தில் இருப்பது ஒரு பானைச் சோறன்று; மூன்று காலத்து மூன்று பானைச் சோறு.

இத்தகைய புள்ளியைக் கண்டவுடன் அழித்துவிடுக என்பாரும் உளர். விடை அழகாக அமைய வேண்டுமென்று செய்முறை ஏட்டில் ஒன்றிரண்டு அளவுகளை மெல்ல மறைப்பவர் நம்முள்ளும் இல்லாமல் இல்லை. தவறாக எழுதிய எண்ணாயின் திருத்துக. ஆனால் 2018இல் பெய்த மழை மெய்ம்மழை. அப்புள்ளியை அழிப்பவன் வெள்ளத்தையே மறந்தவனாவான். அதற்காக, அது கூறும் ஒன்றையே வேதவாக்காகக் கொள்வதும் பேதைமை. ஆய்வுப்படம் விரல் நீட்டிக் காட்டுமேயன்றிக் காரணம் கூறாது. காரணத்தை அணையின் பதிவேட்டிலும், மதகடியில் நரைத்த உழவரிடத்தும் சென்று வினவியே அறிதல் வேண்டும்.

ஆதலின் நம் மாணவர் ஒவ்வொருவரும் கோட்டுடன் ஆய்வுப்படத்தையும் சேர்த்தே அளித்தல் வேண்டும். ஐயத்திற்குரிய புள்ளியுடன் ஒரு கோடும், அஃதின்றி ஒரு கோடும் வரைந்து, இரண்டிற்குமுள்ள வேற்றுமையை மறையாது எழுதுதல் வேண்டும். ஒரு பக்கம் மிகுதியாகும், அவ்வளவே இழப்பு. அது செய்யாது நீர்க்கணக்கு உரைப்போமாயின், இழப்பு நாற்றுப் பாவிய உழவனுக்கு. ஒரு சோற்றைப் பதம் பார்க்குமுன், அஃது எந்தப் பானையினின்று எடுத்ததென்று கேட்போமாக.