கான் சாகிபுக்குக் கேமரா மட்டும் போதாது!

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் சாலையில் செல்பவர்கள் எலவனாசூர்கோட்டையைக் கடந்து தியாகதுருகத்தை நெருங்கும்போது, ஊருக்கு மேலே நிற்கும் கோட்டை மலையைப் பார்க்காமல் போக முடியாது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இந்த மண்ணுக்காக மோதிக்கொண்ட காலத்தின் சாட்சி அந்த மலை. 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபின் தியாகதுருகமும் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

அந்தப் போர்களில் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கித் தளபதியாக உயர்ந்த தமிழர் ஒருவர் உண்டு. வரலாற்று ஏடுகளில் அவர் பெயர் முகம்மது யூசுப் கான். மக்கள் வாயில் கான் சாகிபு. இதை நம் பகுதி இளைஞர்களிடம் சொல்லிப் பாருங்கள். விழிப்பார்கள். "மருதநாயகம்" என்று சொல்லுங்கள். "கமல் படம்தானே பாய், எப்போ வருது?" என்று உடனே கேட்பார்கள்.

மனிதரைப் பற்றிக் கேட்டால் படத்தைச் சொல்கிறார்கள். அந்தப் படமோ இன்றுவரை வரவே இல்லை!

ராணி வந்தார், கதை வரவில்லை

1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் யூசுப் கான் தூக்கிலிடப்பட்டார். 1997 அக்டோபர் 16 அன்று சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் 'மருதநாயகம்' படத்தின் தொடக்க விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? பிரிட்டிஷ் ராணி இரண்டாம் எலிசபெத்! தூக்கிலிட்டு 233 ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, தூக்கிலிட்ட நாட்டின் ராணியை அழைத்து வந்து விழா எடுத்தார்கள். இந்த முரண்பாட்டை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

கமல்ஹாசனின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த மனிதரின் கதையைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்ததற்கே அவரைப் பாராட்டலாம். நம் கேள்வி வேறு. குதிரைப் படை, பீரங்கி, உலகத் தரம், கோடிகளில் செலவு என்று கனவு வளர்ந்துகொண்டே போனது. பணம் நின்றதும் படமும் நின்றது. யானை வாங்கக் காசு இல்லையென்றால் நடந்தாவது ஊர் போய்ச் சேர வேண்டாமா?

தொழில்நுட்பம் எதைக் காட்டுகிறது?

கமலின் 'ஹே ராம்' 2000-ல் வந்தது. நிகழ்காலம் கறுப்பு வெள்ளையிலும் கடந்த காலம் வண்ணத்திலும் எடுக்கப்பட்ட படம். அந்தத் துணிச்சலை மறுக்க மாட்டோம். காந்தியைக் கொல்லப் புறப்பட்டவன் மனம் திருந்துவதுதான் அதன் கதை என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கேமராவின் முழு பலமும் எங்கே செலவானது? 1946 கல்கத்தாக் கலவரத்தில்! வெறியோடு வீட்டுக்குள் நுழையும் முஸ்லிம் முகங்கள் பார்த்தவர் நெஞ்சில் ஆணியாய் இறங்கின. நண்பனுக்காக உயிரையே கொடுக்கும் அம்ஜத் தொடக்கத்திலும் கடைசியிலும் சிறிது நேரமே வந்து போகிறார். வெறியைப் படம் பிடிப்பது சுலபம். மனம் திருந்துவதைப் படம் பிடிக்கக் கதை சொல்லத் தெரிய வேண்டும்.

2014-ல் 'கோச்சடையான்' வந்தது. நடிகரின் அசைவைக் கணினி பதிவு செய்து உருவம் வரையும் புதிய முறை. நாடெங்கும் விளம்பரம். திரையில் நாம் பார்த்தது என்ன? ரஜினிகாந்தின் பொம்மை! கண்ணில் உயிர் இல்லாத மன்னன் அழுதால் யார் கூட அழுவார்கள்?

இதற்கு எதிராக ஒன்றை வைத்துப் பாருங்கள். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அதிலும் அன்றைய புதுமையான டெக்னிகலர் வண்ணம் இருந்தது. ஆனால் அது முதலில் மேடை நாடகம். ஊர் ஊராக மக்கள் முன் நடித்துப் பழுத்த கதை. வண்ணம் பிறகு வந்தது. அதனால்தான் பட்டிதொட்டியெல்லாம் அதன் வசனம் மனப்பாடம். அதில் வரலாற்றுப் பிழை உண்டு என்பவர்கள் சொல்லட்டும். கட்டபொம்மன் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகள் விழிப்பதில்லையே!

மறைக்காமல் சொல்லுங்கள்

கான் சாகிபின் வாழ்வில் இல்லாத கதையா? 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டபோது கண்மாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அதன் நிலங்களை மீட்டுக் கொடுத்தார். அதே மனிதர்தான் கம்பெனிக்காகப் பூலித்தேவனோடு போரிட்டுப் பாளையக்காரர்களை ஒடுக்கினார். பிறகு 1763-ல் அதே கம்பெனியை எதிர்த்து நின்றார். முற்றுகையை மாதக்கணக்கில் தாங்கிய மதுரைக் கோட்டை பீரங்கிக்கு விழவில்லை. உள்ளே இருந்தவர்களின் துரோகத்தில் விழுந்தது. அவரைத் தூக்கிலேற்றியதில் ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்கும் பங்கு உண்டு. ஆம், அவரும் முஸ்லிம்தான்!

இதைச் சொல்ல நமக்கே கூச்சம் வரலாம். வரக் கூடாது. கான் சாகிபைக் குறையே இல்லாத வீரராகச் சுவரொட்டியில் ஒட்டுவதும், அவரைப் பீரங்கிப் புகைக்குள் மறைப்பதும் ஒரே தவறுதான். இரண்டிலும் மனிதர் காணாமல் போகிறார். அந்நியனுக்கு உழைத்த ஒருவர் எந்த நாளில், எதைக் கண்டு திரும்பி நின்றார்? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லும் படம் நூறு குதிரை இல்லாமலும் ஓடும்.

சமுதாயமே, சிந்திப்பீர்! கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு படத்துக்காகக் காத்திருக்கிறோம். நாட்டுப்புறப் பாடகர்கள் காத்திருக்கவில்லை. உடுக்கையும் குரலும் போதும் என்று கான் சாகிபு சண்டையைக் கதைப்பாடலாகப் பாடிவிட்டுப் போனார்கள். நம் பள்ளி ஆண்டு விழாக்களில் ஒரு மணி நேர நாடகம் போட என்ன தடை? மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமாகியிருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக எத்தனை கோடி வேண்டும்?

கேமரா வரும்போது வரட்டும். கதையை இன்றே நாம் சொல்லத் தொடங்குவோம்.