தெருநாயும் தெருவில் நடப்போரும்

கடந்த 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11 ஆம் நாள், தில்லி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உடையாரின்றித் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைத்தல் வேண்டுமென்றும், அவற்றை மீளவுந் தெருவில் விடலாகாதென்றும் நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தார் கட்டளை பிறப்பித்தனர். பதினொரு நாள் கழிந்து, அத்திங்கள் 22 ஆம் நாள், மூன்று நீதிபதிகள் கூடிய அவை அதனைத் திருத்திற்று. கருத்தடை செய்து தடுப்பூசியும் இட்டபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கொண்டனவும், அந்நோய் உளதென்று ஐயுறப்படுவனவும், பாய்ந்து கடிக்கும் இயல்பினவும் மட்டும் விடப்படலாகா என்பது அத்திருத்தத்தின் சாரம். பின்னர் நவம்பர் 7 ஆம் நாள், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டரங்குகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றின் எல்லைக்குள் திரியும் நாய்களை அகற்றுக, அகற்றியவற்றை அங்கேயே கொணர்ந்து விடற்க என்று நாடு முழுமைக்கும் ஆணை வந்தது.

இவ்வாணைகளைப் பற்றி எம் விடுதியில் நிகழ்ந்த வாதங்களுக்கு ஓர் அளவில்லை. வாயில்லாப் பிராணிகளைத் துரத்துதல் அறமாகுமோ என்று ஒரு சாரார் உருகினர். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய்த் தொலைத்தாலன்றி ஊர் உருப்படாது என்று மற்றொரு சாரார் உறுமினர். இரு திறத்தாரும் நள்ளிரவுவரை வாதாடி, கதவைத் தாழிட்டுப் படுத்து, காலை ஏழு மணிக்குக் கண் விழித்தனர். விடியற்காலத்தே தெருவில் நடப்பவரைப் பற்றி இரு திறத்தாரும் ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். அவரைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சென்ற கோடை விடுமுறை கழிந்து யாமும் எம் தோழர் ஒருவரும் ஊரினின்று திரும்பியபோது, திருநெல்வேலிச் சந்திப்பில் வண்டி நின்ற நேரம் நன்றாய் விடியுமுன். நகரப் பேருந்துகள் இன்னும் புறப்படவில்லை. ஆட்டோக்காரர் கேட்ட தொகை எம் கையிருப்புக்குச் சற்றே மிகையாயிருந்ததாலும், காலைக் காற்று இனிதாயிருந்ததாலும், பாளையங்கோட்டைக்கு நடந்தே செல்வதெனத் துணிந்து, 1843 இல் கட்டப்பெற்ற அப்பழைய பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து வந்தோம். வண்ணார்பேட்டையை அடுத்துக் குறுக்கு வழியாக ஒரு சிறு தெருவில் திரும்பினோம். அத்தெருவின் நடுவில், இரவெல்லாம் வாணிகம் நடந்து மூடிய புரோட்டாக் கடையொன்றின் முன் எலும்பும் இலையுமாய்க் குப்பை குவிந்து கிடந்தது. அதனைச் சுற்றி ஐந்து நாய்கள் இருந்தன.

முதலில் ஒன்றே தலை நிமிர்ந்தது. கறுப்பு நிறம், ஒரு காது பாதி இல்லை. அது குரைத்திருப்பின் யாம் அத்துணை அஞ்சியிரோம். அது குரைக்கவில்லை, உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மெல்ல நடந்து வந்தது. மற்றை நான்கும் குரைத்துக்கொண்டே எமக்கு இருபுறமும் விலகி ஓடிப் பின்னால் வந்து நின்றன. முன்னும் போதற்கில்லை, பின்னும் போதற்கில்லை. நாய் வாயினின்று எழும் ஓசை செவியில் விழுவதற்கு முன்னரே முழங்காலில் விழுகின்றது என்பதனை அன்றுதான் அறிந்தோம். எம் தோழர் பந்தயத்தில் ஓடிப் பரிசு பெற்றவர். அவர் தோட்பையை இறக்கி ஓட்டத்திற்கு ஆயத்தமாவதைக் கண்டோம். அவ்வேளையில் தெருக்கோடியில் பாய்லருக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்த டீக்கடைப் பெரியவர் ஒருவர், "ஓடாதீங்க தம்பி, அப்படியே நில்லுங்க, அது முகத்தைப் பார்க்காதீங்க" என்று உரக்கக் கூவினார். நின்றோம். கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு தரையை நோக்கி நின்றோம். கறுப்பு நாய் எம் காலடிவரை வந்து, காற்சட்டையின் விளிம்பை முகர்ந்தது. அதன் மூச்சின் வெம்மை தோலில் பட்டது. எத்துணை நேரம் அங்ஙனம் நின்றோமோ அறியோம்; தோழர் பத்து நிமிடம் என்பார், பெரியவரோ ஒரு நிமிடங்கூட இராது என்றார். அவர் கையிற் கோலுடன் வந்து அதட்டவும், ஐந்தும் வால் தாழ்த்திக் குப்பைக்கே மீண்டன.

டீயை ஆற்றித் தந்துகொண்டே அப்பெரியவர் கூறியது எம் சிந்தையை விட்டகலவில்லை. சாக்கடை மூடியின்கீழ் ஒரு பெட்டை குட்டி போட்டிருக்கிறதாம். கடைக்காரர் நாடோறும் மிச்சத்தைக் கொட்டுகிறாராம். தெருவார் எவரையும் அவை ஒன்றுஞ் செய்வதில்லையாம். "தெருவுக்குப் புதுசா வந்தாத்தான் விடாது" என்றார். அவர் அதனை நாய்களின் நற்சான்றாகவே கூறினார் போலும்.

இதனை யாம் ஆராய்ந்து பார்த்தோம். நாய் எவ்விடத்து உண்கின்றதோ அவ்விடத்தைத் தனதென்று கொள்கின்றது. அங்கே சோறிடுவோன் அதற்கு நண்பன். அயலார் வரின் பகை. ஆதலின், எம்மிடம் வால் குழைக்கும் அதே நாய் பிறரிடம் பல்லைக் காட்டுவது அதன் குணக்கேடன்று. எம்மிடத்துக் கொண்ட அன்பின் மறுபுறமே அஃதாகும். எம் விடுதி உணவுக்கூடத்தின் பின்புறத்தே மாணவர் இடும் சோற்றை உண்டு வாழும் நாய்கள் ஏழு. அவை எம்முள் ஒருவரையும் கடித்ததில்லை. ஆயின் வைகறையில் முற்றம் பெருக்க வரும் அம்மையார் ஒருவர், துடைப்பத்தோடு ஒரு கழியையும் இடுக்கிக்கொண்டுதான் வாயிலுள் நுழைகின்றார். யாதுக்கு இஃது என வினவியபோது, "உங்களைத் தெரியும் அதுகளுக்கு, எங்களைத் தெரியாதே தம்பி" என்றார். பதினாறு ஆண்டாக அவர் இவ்வளாகத்தில் வேலை செய்கின்றார். நேற்று வந்த முதலாண்டு மாணவனை அறிந்த நாய் அவரை அறியவில்லை. ஏனெனில் அவர் கையிற் சோறில்லை.

விடியுமுன் நம் ஊர்த்தெருக்களில் நடப்பவர் யாவரெனக் கருதிப் பாருங்கள், நண்பர்காள். பால் கொணர்வோர், செய்தித்தாள் இடும் சிறுவர், தூய்மைப் பணியாளர், பூக்கட்டும் பெண்டிர், இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர், திண்ணையிலும் நடைபாதையிலும் உறங்கியெழும் வீடற்றோர். காரில் செல்வோனை நாய் துரத்தினால் அது வேடிக்கை. மிதிவண்டியிற் செல்லும் பையனைத் துரத்தினால் அவன் வீழ்ந்து கையொடிகின்றான். நாயன்பர் பலரும் நாயைப் பகைப்போர் பலரும் சுற்றுச் சுவருக்குள் வாழ்வோரே என்பது எமக்கு வியப்பாயிருக்கிறது.

கடியினும் கொடிது கடிவழி வரும் நோய். ரேபிஸ் என்னும் வெறிநோயின் கிருமி காயத்தினின்று நரம்புவழியே மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று திங்கள், சிலர்க்குச் சில நாள், சிலர்க்கு ஓராண்டு. குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக மிகச் சிலரே. உலக சுகாதார நிறுவனத்தாரின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மாந்தர் இந்நோயால் மடிகின்றனர். அவருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறார். மாந்தர்க்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயாலேயே வருகின்றது. 1885 இல் ஆல்சேசு நாட்டினின்று கொணரப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் ஊசியிட்டுக் காத்த நாள் தொட்டு, இந்நோய் வருமுன் தடுக்கத்தக்கதாயிற்று. நம் நாட்டில் 1900 இல் கசௌலியிலும், 1907 இல் நம் நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் நிறுவப்பெற்றன. ஆயினும் நூறாண்டிற்கு மேலாகியும் நம்மவர் ஏன் மடிகின்றனர்?

ஒரு காரணம் பழைய நினைவு. கொப்பூழைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆட்டு மூளையினின்று எடுத்த அப்பழைய மருந்தை இந்நாட்டில் செய்வது 2004 ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. இப்பொழுது கையில் இடும் ஊசியே. தோலிடையே இடும் முறையில் கடிபட்ட நாளிலும், 3, 7, 28 ஆம் நாள்களிலுமாக நான்கு முறை சென்றால் முடிந்தது. காயம் ஆழமாயின் அதனுள்ளேயே எதிர்ப்புரதம் என்னும் மற்றொரு மருந்தும் செலுத்துவர். அரசு மருத்துவமனையில் இவற்றிற்குக் கட்டணமில்லை. மருத்துவமனைக்கு ஏகுமுன் செய்ய வேண்டுவது ஒன்றே: ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்புதல் கூடாது. மேற்கூறிய அம்மையாரிடம் யாம் இதனைச் சொன்னபோது, காலையில் மருத்துவமனை வரிசையில் நின்றால் அரைநாட் கூலி போய்விடுமே என்றார். நான்கு முறை சென்றால் இரண்டு நாட் கூலி. இலவச ஊசியின் விலை அவர்க்கு அது.

நிற்க. நாயை ஆதரிப்போர் தமிழ் நூல்களையும் துணைக்கழைப்பதுண்டு. யானையினும் நாயை உயர்த்திப் பேசும் செய்யுள் நாலடியாரில் உளதென்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் மேடையில் முழங்கினார். உண்மையே. ஆயின் அச்செய்யுளின் நாய்க்குத் தலைவன் ஒருவன் உளன். அது தன் தலைவனுக்குக் காட்டும் அன்பையே புலவர் போற்றினார். எமது உணவுக்கூடத்து நாய்க்குத் தலைவன் யாவன்? சோறிடுவார் நாற்பதின்மர், அது கடித்த நாளில் "என் நாய்" என்று முன்வருவார் ஒருவருமிலர். இரக்கத்தின் இன்பத்தை மட்டும் கொண்டு, அதன் பொறுப்பைக் கழிப்பது எமக்கு இரக்கமாகத் தோன்றவில்லை.

மற்றைத் திறத்தாரின் வழியும் பயன்தருவதன்று. கொன்று குவித்த ஊர்களில் நாய் ஒழிந்ததில்லை; குப்பை உள்ளவரை அயற்றெருவின் நாய்கள் அவ்விடத்தை நிரப்பும். இதனை உணர்ந்தே சென்னை மாநகராட்சியார் 1996 இல் கருத்தடை முறையை மேற்கொண்டனர். 2001 இல் நடுவணரசின் விதிகளும், 2023 இல் அவற்றிற்கு மாற்றாகப் புதிய விதிகளும் வந்தன. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் ஆண்டுதோறும் தடுப்பூசி இடின் வெறிநோய் அற்றுப்போம் என்பது அறிஞர் துணிபு. கோவாவில் அவ்வாறு முயன்று பெரும்பயன் கண்டனர். 2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் தெருநாய்கள் 1.53 கோடி. அத்துணையையும் அடைத்துச் சோறிடும் காப்பகம் எங்குளது? ஆயினும் ஒன்று கூறுவோம்: தடுப்பூசி வெறியைத் தடுக்குமேயன்றிக் கடியைத் தடுக்காது. காதில் வெட்டுள்ள நாயும் துரத்தும். ஊசியிட்டாயிற்று, இனி அஞ்சற்க என்று வழிப்போக்கர்க்குச் சொல்வது போதாது.

வளாகத்தினின்று நாய்களை அகற்றுக என்னும் நவம்பர் ஆணையை எம் கல்லூரி நிறைவேற்றுங்கால் யாது நிகழுமென எண்ணினோம். வாயிற்கு வெளியே துரத்திவிட்டு ஆணை நிறைவேறிற்றென எழுதி வைப்பது எளிது. வாயிற்கு வெளியே இருப்பதோ அவ்வம்மையார் குடியிருக்கும் தெரு. எம் சோற்றில் வளர்ந்த ஏழு நாயும் அத்தெருப் பிள்ளைகளின் பாற்சென்று சேர்வதை யாம் ஒப்போம். ஆதலின் நகராட்சியார் வண்டி வருமட்டும் காத்திராமல், விடுதியார் முன்னரே செய்யத்தக்கவை சில உள. மிச்சச் சோறு மூடியுள்ள தொட்டியிற் செல்லுதல் வேண்டும். நாய்க்குச் சோறிட விரும்புவோர் தம் பெயரைப் பதிந்துகொண்டு, பணியாளர் வருபோது அல்லாத ஒரு நேரத்தில், அவர் நடவாத ஓரிடத்தில் இடல் வேண்டும். ஊசிக்கும் கருத்தடைக்கும் ஆகும் செலவைத் தம்முள் பகிர்தல் வேண்டும். யாரையேனும் துரத்திய நாய் இன்னதென்று சொல்லும் உரிமை துரத்தப்பட்டவர்க்கே இருத்தல் வேண்டும். அவர் சொன்னபின், "அது நல்ல நாய்" என்று எம்மனோர் வழக்காடலாகாது. பணியாளர் எவரேனும் கடிபட்டால், ஊசிக்குச் செல்லும் நான்கு நாளும் கூலியோடு கூடிய விடுப்பு அவர்க்கு உண்டு என்று கல்லூரியார் எழுதித் தருதல் வேண்டும்.

பதிவேடு ஒன்று நாற்பது பக்கத்தில் வாங்கி வைத்துள்ளோம். விடுதிக் காப்பாளர் இசைந்தால் அவரறை வாயிலிலேயே அதனைத் தொங்கவிடலாம். முதற் பக்கத்திற்கு நூலகப் படிக்கட்டில் பகலெல்லாம் உறங்கும் செவலையைக் கொள்ளலாம். அதன் காதில் இன்னும் வெட்டில்லை.