பொறியாளர் தேர்வும் கணினியும்

பாலத்தைக் கடப்பவர் அதன் தூண்களின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கடப்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் குழந்தை அக்கட்டடத்தின் வரைபடத்தைக் கேட்பதில்லை. இருவரும் முகமறியாத பொறியாளர் ஒருவரை நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு அவர் உரியவர்தானா என்று மக்கள் சார்பில் சோதித்தறிவதே தொழில் உரிமத் தேர்வின் நோக்கம். அமெரிக்காவில் இத்தேர்வு தாளிலிருந்து கணினிக்கு மாறியுள்ளது. இம்மாற்றத்தால் கிடைத்த நன்மைகளையும், இழக்கக் கூடாதவற்றையும் எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது.

உரிமம் பிறந்த சூழல்

அமெரிக்காவில் பொறியாளர் உரிமச் சட்டத்தை முதன்முதலில் இயற்றிய மாநிலம் வயோமிங், ஆண்டு 1907. நீரைப் பயன்படுத்தும் உரிமை கோரி அங்கு அளிக்கப்பட்ட வரைபடங்கள் பலவற்றில், பொறியியல் அறியாதவர்களே பொறியாளர் எனக் கையொப்பமிட்டிருந்தனர். 1928இல் கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அங்கு உரிமச் சட்டம் வந்தது. 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்கள். அவ்வாண்டிலேயே அம்மாநிலமும் பொறியாளர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உயிரிழப்புகள் கற்பித்த பாடமே இச்சட்டங்களின் அடிப்படையாயிற்று.

இன்று உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலமே ஆயினும், எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான தேர்வைப் பொறியியல், நில அளவைத் தேர்வாளர்களின் தேசிய மன்றம் நடத்துகிறது. பட்டம் பெறும் நிலையில் அடிப்படைத் தேர்வும், பொதுவாக நான்கு ஆண்டுப் பணியனுபவத்தை ஒட்டித் தொழில் நடைமுறைத் தேர்வும் எழுதப்படுகின்றன.

கணினி தந்த நன்மைகள்

முன்பு அடிப்படைத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடைபெற்றது. எட்டு மணி நேரத்தில் 180 வினாக்களுக்குப் பென்சிலால் விடை குறிக்க வேண்டும். அந்நாளில் நோயுற்றவர் ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது. முடிவை அறியவோ பல வாரங்களாயின. 2014 ஜனவரியில் இத்தேர்வு கணினிக்கு மாறியது. இப்போது 110 வினாக்கள். விடையளிக்கும் நேரம் 5 மணி 20 நிமிடம். தேர்வர் தமக்கு ஏற்ற நாளைத் தெரிவுசெய்யலாம். பத்து நாள்களுக்குள் முடிவை அறியலாம். 2018இல் வேதிப் பொறியியலில் தொடங்கி, தொழில் நடைமுறைத் தேர்வுகளும் படிப்படியாகக் கணினிக்கு வந்தன. 2022இல் கட்டடப் பொறியியலும் மாறியது.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. தாளில் நடந்த தொழில் நடைமுறைத் தேர்வுக்குத் தேர்வர்கள் தம் நூல்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தனர். நிறைய நூல்களை வாங்க வசதியுள்ளவருக்கு அது துணை, வசதியற்றவருக்குக் குறை. இன்று அனைவருக்கும் ஒரே கையேடு திரையில் தரப்படுகிறது. பழகிய நூலில் கைவைத்த இடத்தில் விடை காணும் வசதி போயிற்று என்று வருந்துவோர் உண்டு. ஆனால், சமவாய்ப்பே தேர்வின் முதல் அறம் என்பதால் இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே.

இழக்கக் கூடாதது

எனினும், தேர்வை எளிதாக நடத்துவதும் தகுதியைச் சரியாக அளப்பதும் ஒன்றல்ல. கட்டமைப்புப் பொறியியல் தேர்வு இதற்குச் சான்று. உயர்ந்த கட்டடங்களையும் பாலங்களையும் வடிவமைப்போருக்கான இத்தேர்வின் ஒரு பகுதியில், தேர்வர் தம் தீர்வைப் படிப்படியாகக் கைப்பட எழுதினர். அவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதைப் பட்டறிவுடைய பொறியாளர்கள் படித்து மதிப்பிட்டனர். 2024இல் இதுவும் கணினிக்கு மாறியபோது அவ்வெழுத்து விடைகள் மறைந்தன. சரியான விடையைத் தெரிவுசெய்தல், எண்ணை இடுதல், படத்தில் இடம் சுட்டல் முதலிய வினாக்கள் அவ்விடத்தைப் பெற்றன.

இதற்குக் கணினியை மட்டும் குறைகூறுதல் முறையன்று. மற்றைய பிரிவுகளில் தாள் இருந்த காலத்திலேயே விரிவான விடைகள் நீங்கி, விடை தெரிவு வினாக்கள் வந்துவிட்டன. மேலும், கைப்பட எழுதிய விடைகளைத் திருத்துவோர்க்கிடையே மதிப்பெண் வேறுபடலாம். கணினி அனைவரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது. இவ்வாதம் வலிமையானதே. ஆயினும், விடையை அளக்கும் கோல் சிந்தனையையும் அளந்துவிடும் என்று கொள்வதற்கில்லை.

1981 ஜூலை 17 அன்று கன்சாஸ் நகர விடுதி ஒன்றில் தொங்கு நடைபாதைகள் சரிந்து 114 பேர் உயிரிழந்தனர். கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பிகளில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரு நடைபாதைகளும் தொங்கும் என்பதே முதல் வடிவமைப்பு. பின்னர், கீழ் நடைபாதையை மேல் நடைபாதையிலிருந்தே தொங்கவிடுமாறு அது மாற்றப்பட்டது. அதனால் மேல் நடைபாதையின் இணைப்புகள் தாங்க வேண்டிய சுமை இருமடங்காயிற்று. முறையாகச் சரிபார்க்கப்படாமலே அவ்வரைபடங்கள் பொறியாளரின் முத்திரையைப் பெற்றன. பொறுப்பிலிருந்த பொறியாளர்கள் உரிமம் பெற்றவர்கள். மிசௌரி மாநிலம் அவ்வுரிமங்களைப் பின்னர் நீக்கியது. அங்குத் தேவைப்பட்டது கடினமான கணக்கன்று, "இம்மாற்றத்தால் சுமை எங்கே செல்கிறது?" என்ற ஒரு கேள்வி. தேர்வில் வினாவைப் பிறர் தருகின்றனர். பணியில் வினாவைத் தாமே எழுப்ப வேண்டும்.

செய்யத்தக்கன

ஆகவே, கணினித் தேர்வைக் கைவிட வேண்டியதில்லை. அதனால் அளக்க இயலாததை வேறு வழியில் அளக்க வேண்டும். உயிர்களோடு நேரடித் தொடர்புடைய பிரிவுகளிலேனும், தேர்வர் தம் வடிவமைப்புக்கான காரணங்களைத் திரையிலேயே விரித்தெழுதவும், அவற்றைப் பொறியாளர்கள் மதிப்பிடவும் ஒரு பகுதி அமைதல் நன்று. அதற்குக் கூடுதல் பொருளும் காலமும் செலவாகும். காக்கப்படும் உயிர்களை நோக்க அச்செலவு சிறிது. மூத்த பொறியாளரின் கீழ்ப் பெறும் பணியனுபவத்தை வெறும் ஆண்டுக் கணக்காகக் கொள்ளாமல், எழுப்பிய ஐயங்களும் திருத்திய பிழைகளும் பதியப்பெற்ற பயிற்சியாகவும் ஆக்க வேண்டும்.

மதிப்பெண்ணை நொடிப்பொழுதில் கணக்கிடும் ஆற்றல் கணினிக்கு உண்டு. ஆயினும், வரைபடத்தின்மீது முத்திரையிட்டு "இது பாதுகாப்பானது" என்று மக்களுக்கு உறுதிகூறுபவர் மனிதரே. அவ்வுறுதியைக் கூறும் தகுதியைச் சோதிப்பதிலும் மனிதரின் பங்கு நீங்காதிருத்தல் வேண்டும்.