மேகம் இல்லாத இரவு

காலை நிகழ்ச்சியில் வானிலை சொல்வது எனக்குச் சுலபமான வேலை. "மாலையில் இடியுடன் கூடிய மழை" என்று சொன்னால் பாதி நாள் பலித்துவிடும். மழையும் வெயிலுமாக கிள்ளானில் வளர்ந்த எனக்கு, ஒரே இரவின் குளிர் ஒரு மரத்துப் பூக்களை எல்லாம் கெடுத்துவிடும் என்பது லீட்ஸ் நகருக்குப் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது.

ஊடகத் துறையில் பட்டம் படித்த காலம் அது. நான் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் ஒரு மக்னோலியா மரம். குளிர்காலம் முழுக்க ஓர் இலைகூட இல்லை. கிளை நுனிகளில் பூனைக்குட்டியின் பாதம் போல ரோமம் போர்த்திய மொட்டுகள் மட்டும். பனி கொட்டியபோதும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச் கடைசியில் ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. இலை துளிர்ப்பதற்கு முன்பே கையகலப் பூக்கள் விரியத் தொடங்கின. உள்ளே வெள்ளை, வெளியே இளஞ்சிவப்பு.

ஸ்கைப்பில் அம்மாவிடம் சொன்னேன். "எங்க, காட்டு பாப்போம்" என்றார்.

"இப்ப பாதிதாம்மா பூத்திருக்கு. சனிக்கிழமை முழுசா பூத்துடும், அப்ப காட்டுறேன்."

வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்காரப் பாட்டி வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை, காற்றும் இல்லை. உள்ளே போய்ப் பழைய படுக்கை விரிப்பை எடுத்துவந்து, ஓரத்தில் இடுப்பளவு நின்ற நட்சத்திர மக்னோலியாவைப் போர்த்திவிட்டார். செடிக்குப் போர்வையா என்று எனக்குச் சிரிப்பு.

காலையில் பெரிய மரத்தின் பூக்கள் அத்தனையும் பழுப்பேறித் தொங்கின. திரையில் பார்த்த அம்மா கேட்டார்: "யாராச்சும் வெந்நி ஊத்திட்டாங்களா?"

பாட்டிதான் விளக்கினார். மேகம் பூமிக்குப் போர்வை. அது இல்லாத, காற்றடிக்காத இரவில் பகலின் சூடு மேலே போய்விடும். மூடிய மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். விரிந்த இதழோ பூஜ்யத்துக்குக் கீழே 2, 3 டிகிரி இறங்கினாலே போதும், உள்ளிருக்கும் நீர் உறைந்து கருகிவிடும். விடிந்ததும் வெயில் நேராகப் பட்டு அதை வேகமாக உருக்கினால் சேதம் இன்னும் கூடும். அதனால்தான் கிழக்குப் பார்த்த இடத்தில் மக்னோலியா நடக் கூடாது என்பார்கள். பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுவதால், போனது போனதுதான். மரம் பிழைத்துக்கொள்ளும், பூவுக்கு அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும்.

யோசித்தால், அந்த மரத்தை ஏமாற்றியது முன்கூட்டியே வந்த வெயில். இப்போது குளிர்காலம் மிதமாக ஆக, பூக்களும் சீக்கிரம் விரிகின்றன. ஆனால் ஏப்ரலிலும் உறைபனி வரத்தான் செய்கிறது. இதற்காகவே 1950களில் அமெரிக்கத் தேசியத் தாவரப் பூங்காவில் சற்றுத் தாமதமாகப் பூக்கும் கலப்பின மக்னோலியாக்களை உருவாக்கினார்கள். மொத்தம் 8. ஆன், பெட்டி, ஜேன், சூசன் என்று பெண்களின் பெயரையே வைத்தார்கள்.

அன்று பாட்டி விரிப்பை விலக்கியபோது, குட்டிச் செடியின் வெள்ளைப் பூக்கள் குறையில்லாமல் இருந்தன. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவுக்குக் காட்டினேன்.

"அட, நம்ம செண்பகம் மாதிரியில்ல இருக்கு!"

பிறகுதான் படித்தேன். செண்பகத்தின் தாவரவியல் பெயர் மக்னோலியா சம்பகா. ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே பேரினம். அம்மா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அழைப்பை முடிக்கும் முன் இன்னொன்றும் சொன்னார்: "பெரிய மரத்தையும் அன்னைக்கே காட்டியிருக்கலாம்ல. பாதி பூத்தா என்ன, நான் பாக்க மாட்டேன்னா சொன்னேன்?"